தோட்டம் தாமானாகும் முன் தண்ணீரைக் கணக்கிடுவது எப்படி?

செம்பனைத் தோட்டம் ஒன்று விற்கப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, நுழைவாயிலில் தாமான் எனப்படும் வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை எழும்பிய பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறோம். அதற்குள் பேச வேண்டிய நாள்கள் கடந்திருக்கும். ஓர் ஊரின் குழாயில் விடியற்காலையில் நீர் வருமா என்பது, அந்த ஊரைச் சுற்றியுள்ள நிலம் விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாற்றப்படும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு நம் சமையலறைக்கு வந்து சேரத்தான் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. குடியிருப்பாளர் சங்கமோ, ஆலய நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, யாராயிருந்தாலும் முன்கூட்டியே கணக்குப் பார்த்து உரிய இடத்தில் பேச விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரமே என் மனத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே குறிப்பிடும் சட்டங்கள் தீபகற்ப மாநிலங்கள் அனைத்துக்கும் உரியவை என்பதால், தோட்டங்கள் சூழ்ந்த எந்த நகருக்கும் இந்த முறை பொருந்தும்.

பழைய தோட்டங்களில் நிலமும் தண்ணீரும் ஒரே கையில் இருந்தன. ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ நீரை இறைத்து, மேட்டிலிருந்த தொட்டியில் ஏற்றி, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு நடுவே நின்ற பொதுக்குழாய்களில் காலையிலும் மாலையிலும் திறந்துவிட்டது தோட்ட நிர்வாகம். எத்தனை லயம் கட்டுவது, எவ்வளவு நீர் இறைப்பது ஆகிய இரண்டையும் ஒரே துரைதான் முடிவு செய்தார். அந்த நீர் பல தோட்டங்களில் கலங்கலாகத்தான் வந்தது என்பது வேறு கதை. இன்று நிலமும் ஆறும் மாநில அரசிடம் இருக்கின்றன. திட்டமிடல் அனுமதி ஊராட்சி மன்றத்திடம் இருக்கிறது. நீர் விநியோகச் சேவையோ 2005-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தால் கண்காணிக்கப்படுகிறது. ஆக, ஒருவர் கொடுத்த அனுமதிக்கு இன்னொருவர் தண்ணீர் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் செய்யப்போகும் வேலை முழுவதும், பிரிந்து கிடக்கும் இந்தக் கணக்குகளை ஒரே தாளில் கொண்டுவருவதுதான்.

நீர் வரும் வழியை முதலில் வரைந்துகொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து பின்னோக்கி வரையத் தொடங்குங்கள்: தெருக்குழாய், பெருங்குழாய், மேட்டிலுள்ள சேமிப்புத் தொட்டி, சுத்திகரிப்பு நிலையம், ஆற்றில் நீர் எடுக்கும் இடம், அதற்கும் மேலே அணையும் காடும். உங்கள் பகுதிக்கு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் வருகிறது, அதன் நாளொன்றின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு உற்பத்தியாகிறது என்ற மூன்று கேள்விகளை நீர் விநியோக நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். கொள்ளளவுக்கும் உற்பத்திக்கும் உள்ள இடைவெளிதான் புதிதாக வரப்போகும் வீடுகளுக்கு மிச்சமிருக்கும் இடம்.

எங்கள் வட்டாரத்தில் இந்தப் படம் மூடா ஆற்றில் போய் முடிகிறது. உலு மூடா காடுகளில் பிறக்கும் நீரின் ஒரு பகுதி, மூடா அணையிலிருந்து சையோங் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பப்பட்டு, வடகெடாவின் நெல்வயல்களுக்குப் போகிறது. எஞ்சியதும் பெரிஸ் அணையிலிருந்து திறந்துவிடப்படுவதும் கீழே வந்து, தென்கெடாவின் நகரங்களுக்கும் கூலிம் தொழிற்பேட்டைக்கும் பயன்படுகின்றன. அதே ஆற்றின் மறுகரையில் லாஹார் தியாங்கில் பினாங்கு மாநிலமும் நீர் எடுக்கிறது. பினாங்கின் மூல நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்த ஓர் ஆற்றையே நம்பியிருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் எழும்பும்போது, நெல்வயலுக்கும் தொழிற்சாலைக்கும் அண்டை மாநிலத்துக்கும் ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்ட ஆற்றில் இன்னொரு பங்கு கேட்கப்படுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் அந்தப் பங்கு எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும். ஆகவே ஆண்டுச் சராசரியைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால், வறண்ட மாதத்தின் எண்ணைக் கேளுங்கள்.

படத்தில் உயரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் பத்து மீட்டர் உயர ஏறினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தை இழக்கிறது. ரப்பர் நடப்பட்ட நிலங்கள் பெரும்பாலும் மேடும் பள்ளமுமானவை என்பதால், பெருங்குழாயின் கடைசியிலும் மேட்டிலும் இருக்கும் வீடுகள்தாம் முதலில் வறள்கின்றன. புதிய தாமான் தனக்கென்று பெரிய தொட்டியும் மோட்டாரும் வைத்துக்கொண்டு அதே பெருங்குழாயிலிருந்து இழுக்கும்போது, அதே குழாயின் வாலில் இருக்கும் பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகளுக்கு நள்ளிரவில் மட்டுமே நீர் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். வன்பொருள் கடையில் கிடைக்கும் அழுத்தமானி ஒன்றை வாங்கி, மேட்டு வீடு ஒன்றிலும் பள்ளத்து வீடு ஒன்றிலும் காலை ஆறு, நண்பகல், இரவு எட்டு, நள்ளிரவு என நான்கு வேளையும் ஒரு மாதம் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 'எங்கள் பகுதியில் தண்ணீர் சரியாக வருவதில்லை' என்ற புகாரைவிட, தேதியிட்ட அந்த முப்பது நாள் பக்கங்களுக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

தலைகளை எண்ணாதீர்கள், கதவுகளை எண்ணுங்கள்

மக்கள்தொகை என்றதும் மக்கள் கணக்கெடுப்பைத் தேடுவது இயல்பு. மலேசியாவின் மக்கள்தொகை 2010-இல் 2 கோடியே 83 லட்சமாகவும் 2020-இல் 3 கோடியே 24 லட்சமாகவும் இருந்தது. அந்த வேகத்தை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்தினால் கணக்கு பிழையாகிவிடும். தோட்டப்புற நகர்களின் வளர்ச்சியில் பிறப்பைவிட இடப்பெயர்வின் பங்கு பெரியது. பினாங்கில் வீடு வாங்க முடியாதவர்கள் சுங்கைப் பட்டாணிக்கு வருகிறார்கள். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் முடியாதவர்கள் ரவாங், செரண்டா, பத்தாங்காலி என்று வடக்கே நகர்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதை, விற்பனைக்கு வரும் வீடுகளின் எண்ணிக்கையே முன்கூட்டிச் சொல்லும்.

கதவுகளை எண்ணச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வீட்டில் வாழும் சராசரி மக்கள் எண்ணிக்கை 2020 கணக்கெடுப்பில் 3.8-ஆகக் குறைந்துவிட்டது. லயத்து வீடொன்றில் தாத்தா பாட்டியோடு எட்டுப் பேர் இருந்த குடும்பம் இன்று மூன்று தாமான் வீடுகளில் பிரிந்து வாழ்கிறது. மனிதர்கள் கூடவில்லை, ஆனால் துணி துவைக்கும் இயந்திரமும் கழிப்பறைத் தொட்டியும் மும்மடங்காகிவிட்டன. நாட்டில் ஒருவரின் வீட்டு நீர்ப் பயன்பாடு நாளொன்றுக்கு 200 லிட்டரைத் தாண்டி நிற்பதற்கு இத்தகைய மாற்றமும் ஒரு காரணம்.

மூன்று பட்டியல்கள் தேவை: குடிபுகுந்துவிட்ட வீடுகள், கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீடுகள், அனுமதி பெற்றும் இன்னும் தொடங்கப்படாத வீடுகள். மூன்றாவது பட்டியலைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, அனுமதி கிடைத்து 12 மாதங்களுக்குள் வேலை தொடங்காவிட்டால் அந்த அனுமதி காலாவதியாகும். ஆனால் அதை நீட்டிக்க முடியும் என்பதால், சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்த்து 'அங்கே ஒன்றும் வரவில்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டுமான இடத்தின் அறிவிப்புப் பலகை, மேம்பாட்டாளரின் விளம்பரத் தாள், ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவு ஆகிய மூன்றிடமும் எண்களைச் சேகரித்து ஒப்பிடுங்கள்.

ஒரு தோட்டம், ஒரு பெருக்கல் கணக்கு

நீர்க்குழாய் வடிவமைப்புக்காக ஸ்பான் வகுத்துள்ள வழிகாட்டியில், வீட்டு வகைக்கு ஏற்ப நாளொன்றின் நீர்த்தேவை தரப்பட்டிருக்கிறது. மலிவு விலை வீட்டுக்கு 1,100 லிட்டர், இரட்டை மாடி வரிசை வீட்டுக்கு 1,500 லிட்டர், பங்களாவுக்கு 2,000 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 400 ஏக்கர் செம்பனைத் தோட்டம் ஒன்று விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். சாலை, பள்ளி, திடல் எல்லாவற்றையும் உள்ளடக்கி ஏக்கருக்கு 8 வீடு என்ற அடர்த்தியில் 3,200 இரட்டை மாடி வீடுகள் எழும்பினால், நாளொன்றுக்கு 48 லட்சம் லிட்டர் வேண்டும். அதே நிலம் செம்பனையாக இருந்தவரை மழையைக் குடித்தே வாழ்ந்தது. லயத்துக் குடும்பங்களுக்கு மட்டுமே குழாய் நீர் தேவைப்பட்டது.

கணக்கு அங்கே முடிவதில்லை. எல்லாரும் குளித்துச் சமைக்கும் வேளையில் ஓட்டம் சராசரியைப்போல 2.5 மடங்காகும் என்று வைத்தே குழாயின் விட்டத்தை முடிவு செய்கிறார்கள். ஆகவே ஆற்றில் நீர் இருந்தும் குழாய் குறுகியதாக இருந்தால் பயனில்லை. அடுத்தது இழப்பு. சுத்திகரித்து அனுப்பப்பட்டும் வருமானம் தராத நீர் நாடளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது; கெடாவில் அது பாதியை ஒட்டி நிற்கிறது. அதில் பழுதான மீட்டரும் திருட்டு இணைப்பும் அடங்கும் என்பதால் அத்தனையும் மண்ணுக்குள் கசிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. எனினும் பாதி நீர் கணக்கில் சேரவில்லை என்றால், 48 லட்சம் லிட்டர் மீட்டரில் பதிவாக 96 லட்சம் லிட்டர் புறப்பட வேண்டியிருக்கும். இங்கே ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது: பழைய கல்நார்க் குழாய்களை மாற்றி இழப்பைக் குறைத்தால், புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டாமலேயே பல தாமான்களுக்குரிய நீர் கிடைக்கும். மேம்பாட்டாளர் நீர் விநியோகத்துக்காகச் செலுத்தும் மூலதனப் பங்களிப்பு எந்தக் குழாய்க்குச் செலவாகிறது என்று கேட்பது அதனால்தான் முக்கியமாகிறது.

நிலத்தின் தாள்களைப் படிப்பது

தேசிய நிலச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. 124-ஆம் பிரிவின்கீழ் உரிமையாளர் விண்ணப்பித்தால் மாநில அரசு வகையை மாற்றலாம். அதே சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, ஒன்றையொன்று ஒட்டிய 40 எக்டருக்குக் குறையாத விவசாய நிலம் தோட்ட நிலமாகக் கருதப்படுகிறது. அதைப் பலருக்குப் பிரித்து விற்க மாநிலத்தின் தோட்ட நில வாரியம் ஒப்புதல் தர வேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தெருவுக்கு வந்த துயரத்தை எதிர்கொள்ளத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தினால், நிலப் பட்டாவின் வகையையும் அதன் நிபந்தனைகளையும் எவரும் தேடிப் பார்க்கலாம். அடுத்து, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும், உங்கள் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டத்தைப் பாருங்கள். நகரத் திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் நில எண்ணைத் தேடினால், இன்று அந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது, நாளை எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்ற இரண்டும் வண்ணத்தில் தெரியும். பட்டாவில் விவசாயம் என்றும் உள்ளூர்த் திட்டத்தில் வீடமைப்பு என்றும் இருக்கும் நிலங்களைத் தனியே குறித்துக்கொண்டு, அவற்றின் பரப்பைக் கூட்டி, மேலே சொன்ன பெருக்கலைச் செய்யுங்கள். உங்கள் ஊரின் பத்தாண்டு நீர்த்தேவை கையில் வந்துவிடும்.

யாருக்கு அறிவிப்பு வரும், யாருக்கு வராது

நம் மக்கள் பலமுறை ஏமாந்த இடம் இது என்பதால் சற்று நின்று விளக்குகிறேன். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21(6) பிரிவு, திட்டமிடல் அனுமதி கேட்கப்படும்போது அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அண்டை நிலம் என்பது ஒட்டிய நிலத்தையும், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வடிகாலோ இடையில் இருக்கும் நிலத்தையும், முட்டுச் சந்தாக முடியும் சாலையைப் பகிர்ந்தால் 200 மீட்டருக்குள் உள்ள நிலத்தையும் குறிக்கும். ஆனால் அறிவிப்பு உரிமையாளருக்குத்தான் வரும். மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்பவர் உரிமையாளர் அல்லர். அதைவிட முக்கியமாக, அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாதபோதுதான் இந்தப் பிரிவு செயல்படுகிறது. திட்டம் வந்துவிட்டால், மக்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள் என்று சட்டம் கருதிக்கொள்கிறது.

ஆகவே பேச வேண்டிய இடம் உள்ளூர்த் திட்டத்தின் வரைவுதான். 12ஏ பிரிவின்கீழ் திட்டம் தயாரிக்கத் தொடங்கும்போதே கருத்துக் கேட்கப்பட வேண்டும். 13-ஆம் பிரிவின்கீழ் வரைவு பார்வைக்கு வைக்கப்பட்டதும், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். இதற்கு நில உரிமை தேவையில்லை. லயத்துப் பாட்டியும் எழுதலாம். எழுதியவர்கள் விசாரணைக் குழுவின் முன் நேரில் பேசவும் கேட்கலாம். திட்டம் 100 எக்டரைத் தாண்டும் அல்லது 10,000 பேருக்கு மேற்பட்டோர் வாழும் புதிய நகராக இருந்தால், 22(2ஏ) பிரிவுப்படி தேசிய பௌதிகத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையும் பெறப்பட வேண்டும். நம் 400 ஏக்கர் தோட்டம் ஏறக்குறைய 162 எக்டர். புதிய நகராக அது முன்மொழியப்பட்டால் இந்த நிபந்தனைக்குள் வரும். ஒரே தோட்டம் பல கட்டங்களாகப் பிரித்து விண்ணப்பிக்கப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மேலே நடப்பது கீழே குடிநீராகும்

நீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் எந்த நிலம் எதற்கு ஒதுக்கப்படுகிறது என்பது, எத்தனை வீடு வருகிறது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. 2020 செப்டம்பரில், தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ரவாங் நகரை ஒட்டிய சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது, சுங்கை சிலாங்கூரை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, சுமார் 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. ஆற்றில் நீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தும் குடிக்க முடியவில்லை.

வீடுகளின் கழிவுநீரும் அப்படியே. 30 வீடுகளை அல்லது 150 பேருக்குரிய அளவைத் தாண்டும் திட்டத்துக்குத் தனித்தனி மலக்குழிகள் போதா. கழிவுநீர் நிலையம் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் வெளியேறும் கழிவுநீர் ஏ தரத்தில் இருக்க வேண்டும். புதிய நிலையங்களுக்கு அத்தரத்தில், நீரிலுள்ள கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பி தரத்தில் 50 வரை அனுமதி உண்டு. மேம்பாட்டாளரின் அறிக்கையில் எந்தத் தரம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆற்றோர ஒதுக்கு நிலத்தையும் அளந்து பாருங்கள்: வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி, 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்குக் கரையோரம் 5 மீட்டரும், 40 மீட்டருக்கு மேல் அகன்ற ஆற்றுக்கு 50 மீட்டரும் விடச் சொல்கிறது. தோட்டத்துக் குட்டைகளைத் தூர்த்துவிடாமல் வெள்ளநீர் தேங்கும் குளங்களாக மாற்றச் சொல்லிக் கேட்பதும் நியாயமே.

இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு

1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தொழிலாளர்களுக்கு முதலாளி இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய் நீர் தர வேண்டும் என்கிறது. தோட்டம் கைமாறி வேலை உறவு முடிந்தால் அந்தக் கடமையும் ஆட்டம் காணும். பல தோட்டங்களில் வாசலில் இருக்கும் ஒரே மொத்த மீட்டரிலிருந்துதான் எல்லா லயங்களுக்கும் நீர் போகிறது. நிர்வாகம் அந்தக் கணக்கை மூடினால் ஒரே நாளில் அத்தனை வீடுகளும் வறண்டுவிடும். எனவே விற்பனைப் பேச்சு காதில் விழுந்ததுமே, நீர் தோட்டத்தின் சொந்தக் கிணற்றிலிருந்து வருகிறதா, மொத்த மீட்டரிலிருந்து வருகிறதா என்று கண்டறிந்து, மாற்று வீடு கிடைக்கும் வரை விநியோகம் நிற்கக் கூடாது என்பதையும், மாற்று வீட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும் என்பதையும் திட்டமிடல் அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதிக்கு அலுவலகத்தில் இடமில்லை.

ஆட்சேபக் கடிதம்

மலாய் மொழியில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். தோட்டத்தின் வரலாறும் ஆலயத்தின் வயதும் தனிக் கடிதத்துக்கு உரியவை; இந்தக் கடிதத்தில் நீர் மட்டும் இருக்கட்டும். நில எண், உள்ளூர்த் திட்டத்தில் அதற்குத் தரப்பட்ட பயன்பாடு, நீங்கள் பெருக்கிக் கண்ட நாளொன்றின் நீர்த்தேவை, சுத்திகரிப்பு நிலையத்தில் மிச்சமிருக்கும் கொள்ளளவு, அழுத்தமானிப் பதிவு ஆகிய ஐந்தையும் முதல் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டாம் பக்கத்தில், திட்டத்தை அடியோடு மறுப்பதைவிட, 'பெருங்குழாய் மாற்றப்பட்டு, சேமிப்புத் தொட்டி கட்டி முடிக்கப்படும் வரை இரண்டாம் கட்ட வீடுகளுக்கு அனுமதி தரக் கூடாது' என்பதுபோல் அளந்து சரிபார்க்கக்கூடிய நிபந்தனையைக் கேட்பது பலன் தரும் என்பது என் கணிப்பு. வீடு தேவைப்படுவோரில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கடிதத்தைத் திட்டமிடல் பிரிவில் நேரில் கொடுத்து, நீர் விநியோக நிறுவனத்துக்கும் ஸ்பானுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்புங்கள். விசாரணையில் நேரில் பேச விரும்புவதாகக் கடைசி வரியில் தெளிவாக எழுதுங்கள். அதைக் கேட்காதவருக்கு அழைப்பு வராமலே போகலாம். உங்கள் கையிலிருக்கும் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் இடச் சொல்லி வாங்கிய பிறகே முகப்பை விட்டு நகருங்கள்.